டாக்டரிடம் சொல்லாத அந்த ஒரு டம்ளர் கஷாயம்

மும்பையில் வலிப்பு நோய்க்கு ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிட்டுவந்த இரண்டு நோயாளிகளுக்கு, கட்டுக்குள் இருந்த வலிப்பு திடீரென்று திரும்பி வந்தது. ரத்தத்தைப் பரிசோதித்தபோது ஃபெனிட்டாயின் அளவு எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருந்தது. காரணத்தைத் தேடிய மருத்துவர்கள் கண்டுபிடித்தது, இருவருமே மாத்திரையோடு சேர்த்து ‘சங்கபுஷ்பி’ என்ற ஆயுர்வேதத் தயாரிப்பையும் எடுத்துவந்தார்கள் என்பதை. ஞாபக சக்திக்கும் மூளை வளர்ச்சிக்கும் என்று கடைகளில் விற்கிறார்களே, அதே சங்கபுஷ்பிதான். எலிகளுக்கு இரண்டையும் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தபோதும் மருந்தின் அளவு ரத்தத்தில் குறைந்தது. வலிப்பைத் தடுக்கும் வேலையும் குறைந்தது. 1992-ல் இந்த ஆய்வு வெளியானது.

முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பரீட்சை நேரத்தில் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ‘பிள்ளைக்கு ஞாபக சக்திக்கு ஒரு டானிக் குடுங்க’ என்று கேட்கும் பெற்றோரிடம், ‘பிள்ளைக்கு வலிப்பு மாத்திரை ஏதாவது போகுதா?’ என்று திருப்பிக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

மூலிகை கெடுதல் என்று சொல்வதற்காக இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. மூலிகை வேலை செய்கிறது என்பதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. உடம்புக்குள் போய் எதையும் செய்யாத பொருள் எந்த மாத்திரையோடும் மோதாது. வேலை செய்யும் பொருள் மோதும். ‘நல்லதுதான் செய்யும், கெட்டது செய்யவே செய்யாது’ என்ற நம்பிக்கையைத்தான் நாம் கைவிட வேண்டியிருக்கிறது.

சர்க்கரை நோயை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்களில் பாகற்காய்ச் சாறு, வெந்தயம், ஆவாரம்பூ, நாவல்கொட்டைப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி என ஏதாவது ஒன்றையாவது முயன்று பார்க்காதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், வாட்ஸ்அப் சொல்லும், நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். இவற்றில் சரக்கு இல்லாமல் இல்லை. 1990-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து உயிர்வேதியியல் ஆய்வாளர்கள், சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றை இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகள் 22 பேருக்கு, வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது. பலருக்கு மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. 5 பேர் மாத்திரையையே நிறுத்தினார்கள்.

இந்தச் செய்தியைப் படிக்கும் சர்க்கரை நோயாளிக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால், அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர்களுக்கு மாத்திரையைக் குறைத்தது மருத்துவர்கள். ரத்தப் பரிசோதனையைக் கையில் வைத்துக்கொண்டு குறைத்தார்கள். வீட்டில் நடப்பது வேறு. கிளிமிப்பிரைடு மாத்திரையின் அளவு அப்படியே இருக்கிறது, அதன் தலைமேல் சிறுகுறிஞ்சான் ஏறுகிறது, டாக்டருக்குத் தெரியாது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். வயதானவர் என்றால் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

1979-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் வெளிவந்தது. பிரிட்டனில் வாழ்ந்த பாகிஸ்தானியப் பெண் ஒருவர், சர்க்கரைக்குக் குளோர்புரோபமைடு என்ற மாத்திரை சாப்பிட்டுவந்தார். அவருடைய சர்க்கரை அளவு காரணம் தெரியாமல் இறங்கியது. விசாரித்ததில், அவர் சமைத்துச் சாப்பிட்ட பாகற்காய்க் குழம்புதான் மாத்திரைக்குத் துணை சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. வாரத்தில் ஒருநாள் பாகற்காய்ப் பொரியல் சாப்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடிப்பது சமையல் அல்ல, அது மருந்து. மருந்து என்றால் அதை எழுதிக்கொடுத்தவர், அளவு சொன்னவர், கண்காணிப்பவர் என்று ஒருவர் இருக்க வேண்டும்.

மிளகு செய்யும் வேலை

மஞ்சளில் உள்ள குர்குமினைத் தனியாகச் சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேர்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை உடனே மாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். பைப்பரின் என்பது மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தரும் பொருள். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. இன்று ‘பைப்பரின் சேர்த்தது’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிற மஞ்சள் கேப்சூல்களுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படுவது இந்த ஆய்வுதான்.

பைப்பரின் இதை எப்படிச் செய்கிறது? குடலிலும் கல்லீரலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றான சிஒய்பி3ஏ4, நாம் பயன்படுத்தும் மருந்துகளில் ஏறத்தாழ பாதியைக் கையாள்கிறது. அந்த நொதியின் வேலையையும், மருந்தைக் குடலுக்கே திருப்பித் தள்ளும் ஒரு புரதத்தின் வேலையையும் பைப்பரின் மட்டுப்படுத்துகிறது. குர்குமின் மட்டும் உள்ளே போகட்டும், மற்ற மருந்து போக வேண்டாம் என்று பைப்பரினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிரஷருக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகிய இரண்டின் அளவும் பைப்பரினால் ரத்தத்தில் கூடுவதை இந்திய ஆய்வாளர்கள் 1991-லேயே காட்டினார்கள். ஃபெனிட்டாயின் சாப்பிடும் வலிப்பு நோயாளிகளுக்கு ஒரே ஒரு தடவை 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, மருந்தின் அளவு ஏறியதை 2006-ல் சண்டிகரில் பார்த்தார்கள். சங்கபுஷ்பி கீழே இறக்கிய அதே மருந்தை இது மேலே ஏற்றுகிறது. ஃபெனிட்டாயின் குறைந்தால் வலிப்பு வரும். கூடினால் தள்ளாட்டமும் இரட்டைப் பார்வையும் வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது.

இந்தக் குணத்தை நன்மைக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தை ஆராய்ந்த ஜம்மு ஆய்வகம் ஒன்றின் வழிவந்த யோசனையில், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை வழக்கமான 450 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்து, கூடவே 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து ஒரு மாத்திரை 2009-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பாதிக்கும் குறைவான மருந்தில் முழு வேலையை வாங்குவது அதன் நோக்கம். மிளகுக்கு அந்த அளவுக்கு வலு உண்டு என்று மருந்துக் கம்பெனிக்கே தெரிந்திருக்கும்போது, நாம் மட்டும் ‘மிளகுதானே’ என்று ஏன் நினைக்க வேண்டும்?

உடனே ரசம் வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் பல வருடமாக ரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்புக்குத்தான் டாக்டர் மாத்திரையின் அளவைப் பார்த்துப் பார்த்து நிர்ணயித்திருக்கிறார். வழக்கமான சாப்பாடு அந்தக் கணக்குக்குள் ஏற்கெனவே இருக்கிறது. திடீரென்று நேற்றிலிருந்து காலை, இரவு என இரண்டு வேளை கேப்சூல் ஆரம்பித்தால், அல்லது மூன்று மாதமாகச் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால், கணக்கு தப்பிப்போகும்.

வால்வு மாற்றியவர்கள் கவனத்துக்கு

இப்படிக் கணக்கு தப்பினால் உயிருக்கே ஆபத்தாகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதாகி, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள். வால்வில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை பார்த்து, கால் மாத்திரை, அரை மாத்திரை என்று கூட்டிக் குறைப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் 2-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே போனால் வால்வில் கட்டி உறையும். மேலே போனால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும்.

நியூசிலாந்தில் வார்ஃபரினை ஒரே அளவில் சாப்பிட்டு நிலையாக இருந்த ஒரு நோயாளி, மஞ்சள் சேர்ந்த ஒரு தயாரிப்பைத் தொடங்கினார். சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் இதை எல்லோருக்கும் எச்சரிக்கையாக வெளியிட்டது. பூண்டு மாத்திரை, ஜிங்கோ என்ற மூலிகை ஆகியவையும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. முருங்கைக்கீரை போன்ற கீரைகளில் வைட்டமின் கே நிறைய இருக்கிறது. அது வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையே சாப்பிடாதே என்று பயமுறுத்துவதைவிட, வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் மாறாமல் சாப்பிடுங்கள் என்று சொல்வதுதான் சரி. முருங்கைக்கீரைப் பொடியை ‘சூப்பர் ஃபுட்’ என்று டப்பாவில் வாங்கிப் புதிதாகத் தொடங்குவது அந்த ‘மாறாமல்’ என்பதற்குள் வராது.

வார்ஃபரினும் ஒரு செடியின் வழியாக வந்ததுதான். அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-ல் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி, செத்துப்போன கிடாரியையும் பால் கேனில் உறையாத ரத்தத்தையும் வண்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு ஓடினார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானி அந்தச் செடியிலிருந்து பிரித்த பொருள்தான் பின்னாளில் வார்ஃபரினுக்கு வழிகாட்டியது. ‘இயற்கையானது’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அந்த மாடுகள் நினைவுக்கு வருகின்றன.

கல்லீரலும் சிறுநீரகமும்

மாத்திரையோடு மோதாமல், தனியாகவே உறுப்பைத் தாக்கும் மூலிகைகளும் உண்டு. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கஷாயம் கொதித்தது. 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரைத் தமிழகமெங்கும் அரசே கொடுத்தது. சில நாட்கள் குடிக்க வேண்டியதைச் சிலர் மாதக்கணக்கில் குடித்தார்கள். வட மாநிலங்களில் சீந்தில் கொடி, அதாவது கிலோய், வீட்டு வாசலில் வளர்த்துப் பறித்துக் குடிக்கும் பழக்கமாகவே ஆனது. 2020-ன் கடைசி மாதங்களில் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு மஞ்சள் காமாலையோடு கல்லீரல் அழற்சி வந்ததைக் கண்டார்கள். அடுத்து நாட்டின் 13 மையங்கள் சேர்ந்து 43 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டன. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் கல்லீரலையே தாக்கும் விதமாகப் பலருக்கு நோய் அமைந்திருந்தது. எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்று சொல்லிக் குடித்த மூலிகை, தூண்டக் கூடாத உடம்பில் தூண்டிவிட்டது.

ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்திலைப் போலவே இருக்கும் வேறொரு கொடியைச் சாப்பிட்டிருக்கலாம் என்றது. அந்த மறுப்பிலும் நமக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அரசாங்கமே ‘எந்தக் கொடி என்று தெரியவில்லை’ என்று சொல்லும் நிலையில், வேலியில் படர்ந்ததைப் பறித்துக் குடிப்பவர் எப்படித் தெரிந்துகொள்வார்?

ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க ஒரு கிளினிக்கில் கொடுத்த சீன மூலிகைக் கேப்சூலில், ஒரு மூலிகைக்குப் பதில் அரிஸ்டோலோகியா இனச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம். சில வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஊரின் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே இனச் செடிகள். பூச்சிக்கடிக்கும் பாம்புக்கடிக்கும் என்று இன்றும் அவற்றை அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி இருக்கிறது.

தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் அளவு மீறினால் ஆபத்துதான். அதில் உள்ள கிளிசிரைசின் உடம்பில் பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 54 வயதுக்காரர் ஒருவர், அதிமதுர மிட்டாயைத் தினமும் ஒரு பாக்கெட்டுக்கு மேல் சில வாரங்கள் தின்று, பொட்டாசியம் இறங்கி, இதயம் நின்று இறந்ததை 2020-ல் மருத்துவ இதழ் பதிவுசெய்தது. இதயம் பலவீனமாகி நீர் பிரியும் மாத்திரையும் டிகாக்சினும் சாப்பிடுபவர்களுக்கு, நீர் மாத்திரையே பொட்டாசியத்தை இறக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் அதிமதுரமும் சேர்ந்தால் டிகாக்சின் விஷமாகிவிடும்.

மூட்டுவலிக்கு ‘மூன்றே நாளில் குணம்’ என்று பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் பொடி இன்னொரு ரகம். நிஜமாகவே மூன்று நாளில் வலி போய்விட்டால் சந்தேகப்படுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, திடீரென நிறுத்தினால் மயங்கி விழுவது எல்லாம் அதன் அடையாளங்கள். அமெரிக்காவில் 2007-லிருந்து 2016 வரை இப்படி மறைத்து மருந்து கலந்த 776 சப்ளிமென்ட்களை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பிடித்தது. ஆண்மைக்கு, உடல் இளைக்க, தசை வளர்க்க என்று விற்றவைதான் பெரும்பாலும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர், ஆண்மைக்கான சில்டெனாஃபில் மருந்து கலந்த ‘மூலிகை’ லேகியம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

சித்தர் மரபு சொல்லாதது

‘பக்கவிளைவு இல்லாதது’ என்ற விளம்பர வாசகத்தை சித்த மருத்துவத்தின் பெயரால் சொல்வது அந்த மருத்துவத்துக்கே செய்யும் அவமரியாதை. சேங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று விதித்தது அந்த மரபு. நேர்வாளத்துக்கும் பாதரசத்துக்கும் தனித்தனிச் சுத்தி முறை வைத்தது. எந்த மருந்தைத் தேனில் கொடுப்பது, எதை நெய்யில் கொடுப்பது, எத்தனை நாள், எந்த வயதுக்கு எவ்வளவு, எந்தக் காயைத் தள்ள வேண்டும் என்று அனுபானமும் பத்தியமும் வகுத்தது. பக்கவிளைவே கிடையாது என்று நினைத்தவர்கள் எதற்குப் பத்தியம் வைக்கப்போகிறார்கள்? முறைப்படி படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர், நீங்கள் என்ன ஆங்கில மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் மருந்து எழுத மாட்டார். ஆபத்து அவரிடம் இல்லை. யூடியூப் வீடியோவிடமும், உரிமம் இல்லாமல் வண்டியில் வந்து விற்பவரிடமும், யாரையும் கேட்காமல் நாமே தொடங்குவதிலும் இருக்கிறது.

நீரிழிவு உள்ளிட்ட 54 நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உள்ளூர் கேபிள் டி.வி.யைப் பத்து நிமிடம் பார்த்தால் அந்தச் சட்டத்தின் நிலை தெரியும். இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே மூலிகை, சித்த மருந்தாக வந்தால் மருந்துச் சட்டத்தின் கீழ் வரும். சப்ளிமென்ட் கேப்சூலாக வந்தால் உணவுச் சட்டத்தின் கீழ் வரும். சப்ளிமென்ட் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் அச்சிடப்பட்டிருக்கும்; அது கட்டாயம். முன்பக்கத்தில் மூட்டு, சர்க்கரை, கல்லீரல் என்று படம் போட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் அலோபதி ஓ.பி.யும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நல்ல வசதி இது. ஆனால், நோயாளி கையில் இரண்டு சீட்டு. இந்தச் சீட்டில் எழுதியது அந்த டாக்டருக்குத் தெரியாது. இரண்டு பிரிவுகளும் பார்க்கும்படி ஒரே நோட்டில் எல்லா மருந்தையும் எழுதும் ஏற்பாட்டை மக்கள் நல்வாழ்வுத் துறை கொண்டுவந்தால், பெரிய செலவில்லாமல் பல உயிர்கள் தப்பும்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோயாளி ஏன் மறைக்கிறார்? சொன்னால் திட்டு விழும் என்றுதான். ‘வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?’ என்று கேட்டால், ‘இல்லீங்க டாக்டர்’ என்ற பதில்தான் வரும். கஷாயத்தை அவர் மருந்தாகவே கணக்கில் வைத்திருக்க மாட்டார். ‘காலைல எழுந்ததும் என்ன குடிப்பீங்க? பொடி, லேகியம், சூரணம், நாட்டு மருந்து ஏதாவது உண்டா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சொன்ன பிறகு முகம் சுளிக்காதீர்கள்.

வாசகர்கள் செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாத்திரை அட்டைகளோடு அந்தப் பொடி டப்பா, கேப்சூல் புட்டி, கஷாயப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். வால்வு மாற்றியவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டால் மயக்க மருந்து டாக்டரிடம் இவற்றையும் சொல்லுங்கள். பூண்டு, ஜிங்கோ, ஜின்செங் மாத்திரைகளை இரண்டு வாரம் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். மூலிகை தொடங்கிய பிறகு கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, காரணமில்லாமல் ரத்தம் கசிவது, தலைசுற்றுவது என்று எது வந்தாலும் அதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருந்தாலும் பாதிப்பு வந்ததாகச் சந்தேகம் இருந்தால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. நோயாளிகளே நேரடியாக அழைத்துச் சொல்லலாம்.